அத்தியாயம் 7: எதற்காக எழுந்தார்?

“சொல்லச் சொல்லக் கேக்காம எழுந்துட்டாரும்மா.”

விடியற்காலையில் வரும் போன்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும். பேசுவது மனைவியாக இருக்கும், இல்லையென்றால் மருமகள். குரலில் கோபம் தெரியும். கூடவே பயமும், “பக்கத்துல இருந்தும் விழவிட்டுட்டியே” என்று நாளைக்குச் சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்ற கலக்கமும் தெரியும். நினைவு இருக்கிறதா, தலையில் அடிபட்டதா, கால் அசைகிறதா என்று கேட்டு முடித்ததும் நான் கேட்கும் அடுத்த கேள்வி, “எதுக்காக எழுந்தாரு?”

பெரும்பாலும் பதில் வராது. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் காரணம் இல்லாமல் யாரும் எழுவதில்லை. சிறுநீர் முட்டியிருக்கும், நா வறண்டிருக்கும், ஒரே பக்கம் படுத்து இடுப்பு வலித்திருக்கும். கொல்லைக் கதவைச் சாத்தினோமா என்ற நாற்பது வருடப் பழக்கமாகக்கூட இருக்கலாம். உதவிக்குக் கூப்பிடத் தோன்றியிருக்கும். பக்கத்தில் தூங்கும் முகத்தைப் பார்த்ததும், நாள் முழுக்கப் பாடுபட்டவளை எழுப்ப மனம் வந்திருக்காது. வீட்டில் வைத்துப் பார்க்கப்படும் நோயாளிகள் விழுவதில் கணிசமான பங்கு இந்தக் கரிசனத்தால் நேர்வது. வீம்பு என்று அதைத் திட்டுவது எனக்குப் பொறுக்காது.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. அவர் எதற்காக எழுவார் என்பது தெரிந்தால், எழும் முன்பே அதை அவர் கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

மருத்துவமனைகளில் மோர்ஸ் அளவுகோல் என்று ஒன்றை வைத்து, விழும் வாய்ப்பை எண்ணிப் பார்ப்பார்கள். முன்பு விழுந்திருந்தால் 25, ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15, மேசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் 30, நடை மிகவும் தளர்ந்திருந்தால் 20 என்று மதிப்பெண் கூடிக்கொண்டே போகும். பொதுவாக 45-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று கணக்கு. குணப்படுத்தும் சிகிச்சை முடிந்து, வலியும் அவதியும் தணிய மட்டும் மருந்து எடுத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் அநேகமாக எல்லோருமே 45-ஐத் தாண்டிவிடுவார்கள். ஆகவே உங்கள் வீட்டு நோயாளி விழக்கூடியவரா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விழக்கூடியவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்காக என்பதைக் கண்டுபிடிப்பதில் உங்கள் கவனம் இருக்கட்டும்.

மூன்று நாள் நோட்டு

பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு, இரவும் பகலும், அவர் ஒவ்வொரு முறை எழும்போதும் (எழ முயலும்போதும்) மணியையும் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்திலேயே என்ன மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். அவ்வளவுதான்.

நான்காம் நாள் அதைப் படித்தால் உங்களுக்கே ஒரு ஒழுங்கு புலப்படும். ஒரு வீட்டில் அந்த ஐயா தினமும் விடியற்காலை நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் அவசரமாக எழுந்தார். இரண்டு முறை கழிப்பறை வாசலில் விழுந்தார். நோட்டைப் பார்த்தபோது, மலச்சிக்கலுக்கான பிசகோடில் மாத்திரையை இரவு ஒன்பது மணிக்குக் கொடுத்து வந்தது தெரிந்தது. அந்த மாத்திரை வேலைசெய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். வீடே அடித்துப்போட்டதுபோல் தூங்கும் வேளையில் அவருக்கு வயிறு முட்டியது. டாக்டரைக் கேட்டு மாத்திரை நேரத்தைத் தள்ளிவைத்தோம். காலை ஏழு மணிவாக்கில், மகன் பக்கத்தில் இருக்கும்போது போகத் தொடங்கினார். தரையில் ஒரு டைல்ஸைக்கூட மாற்றவில்லை.

நீர் பிரியக் கொடுக்கும் லேசிக்ஸ் போன்ற மாத்திரையும் இப்படித்தான். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து ஆறு மணி நேரம் வரை இழுக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுத்தால் நள்ளிரவு வரை நடைதான். ஒருவேளை மட்டும் என்றால் காலையிலும், இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மதியம் இரண்டு மணிக்குள்ளும் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நோட்டில் தெரியும் நேரத்துக்குக் கால்மணி முன்னதாக நீங்களே போய், “ஒண்ணுக்குப் போறீங்களாப்பா?” என்று கேளுங்கள். அவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் பலர் கூப்பிடவே மாட்டார்கள். இரவில் படுக்கும் முன் ஒருமுறை, நடுச்சாமத்தில் ஒருமுறை, விடியலில் ஒருமுறை என்று அலாரம் வைத்துக்கொண்டு கேட்கும் குடும்பங்கள் உண்டு. தூக்கம் கெடுகிறதே என்று தோன்றும். விழுந்தவரை மூன்று பேர் சேர்ந்து தூக்கும் இரவில் கெடும் தூக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

விழுந்தவர் சொல்லும் வார்த்தை

விழுந்தவர் பேசும் நிலையில் இருந்தால் என்ன சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கேளுங்கள். நம் பேச்சுத்தமிழில் விழுவதற்கு எத்தனையோ சொல்முறை இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இது.

“கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு” என்றால் முதலில் ரத்த அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். எண்பது கிலோ இருந்தபோது ஆரம்பித்த பிரஷர் மாத்திரையை நாற்பத்தைந்து கிலோவுக்கு இளைத்து, சாப்பாடும் குறைந்த பிறகும் அப்படியே விழுங்கிக்கொண்டிருப்பார்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழுந்து நிற்பதை அந்த உடம்பு தாங்கவில்லை என்று பொருள். மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ டாக்டர் சொல்லக்கூடும். சர்க்கரை மாத்திரைக்கும் இதே கதைதான்: கிளிமெப்பிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு இரண்டு வாய் கஞ்சியோடு நிறுத்திவிட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். அந்த அறிகுறி தெரிந்தால், விழுங்க முடிகிறவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

“கால் மடங்கிருச்சு” என்பது வேறு. தலை தெளிவாக இருக்கும், தொடையில்தான் வலு இருக்காது. பசிக்காகவோ மூளை வீக்கத்துக்காகவோ டெக்சாமெத்தசோன் மாத்திரையை வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டால் தொடைத் தசை கரையும். சமதரையில் நடந்துவிடுவார், உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியாது. இந்த அடையாளத்தை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அந்த மாத்திரையை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கால் மடங்குவதோடு முதுகில் புதிதாக வலி, இடுப்புக்குக் கீழே மரமரப்பு, சிறுநீர் போகாமை அல்லது தெரியாமல் போவது இவற்றில் எது சேர்ந்துகொண்டாலும் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். புற்றுநோய் முதுகெலும்புக்குள் தண்டுவடத்தை நெருக்கும்போது இப்படி ஆகும். அன்றைக்கே சொன்னால் காலைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் படுத்த படுக்கைதான்.

“ஒரே கிறக்கமா இருந்துச்சு” என்றால் மார்ஃபின், லோராசெபம், கேபாபென்டின், அமிட்ரிப்டிலின் பக்கம் பாருங்கள். மார்ஃபின் ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நாளும், அளவைக் கூட்டிய பிறகு வரும் இரண்டு மூன்று நாளும் தூக்கக் கலக்கம் இருக்கும்; பிறகு உடம்புக்குப் பழகிவிடும். அந்த நாட்களில் மட்டும் அவரைத் தனியே நடக்கவிடாதீர்கள். கிறக்கத்துக்குப் பயந்து மார்ஃபினை நிறுத்துவது பெரிய கொடுமை. வலியோடு நடப்பவரும் விழத்தான் செய்வார், அதுவும் வேதனைப்பட்டுக்கொண்டே. எலும்பில் நோய் பரவியவரைக் குளிக்க வைப்பதென்றால், வேளை மருந்துக்கு நடுவில் வரும் வலிக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை அரைமணி முன்னதாகக் கொடுத்துவிட்டு, வலி அடங்கியதும் துணையோடு நடத்திச் செல்லுங்கள்.

“யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு”, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்பவை மனக்குழப்பத்தின் சொற்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

“வழுக்கிருச்சு” என்று சொன்னால் மட்டும்தான் தரையைக் குறைசொல்ல வேண்டும்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை

தரையைப் பார்த்துவிடுவோம். நோயாளியின் கட்டிலில் நீங்களே ஒருமுறை படுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு எழுந்து, அவர் நடக்கும் வழியிலேயே, அவரைப்போல் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழிப்பறை வரை போங்கள். வீட்டுக்காரர்களை நான் இப்படிச் செய்யச் சொல்வதுண்டு. எத்தனை வருடமாக வாழ்ந்த வீடாக இருந்தாலும் மூன்று நான்கு இடத்தில் கால் தட்டும்.

கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும். முழங்கால் செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றரை அடி உயரம். படுக்கைப் புண் வராமலிருக்க ஏர்பெட் போட்டதும் உயரம் சில அங்குலம் கூடிவிடும். அதன் ஓரம் உட்கார்ந்ததும் அமுங்கி, ஆளை முன்னால் தள்ளும். ஏர்பெட் போட்ட பிறகு நோயாளியை ஓரத்தில் தனியே உட்காரவைக்காதீர்கள். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தால், நடக்கும் நோயாளி என்றால் எடுத்துவிடுங்கள். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் அதிலிருந்து எழுவது ஆரோக்கியமானவருக்கே சிரமம்.

வழியில் கால்மிதி கிடக்கும். பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டிருப்போம். அதை எடுத்துவிடுங்கள். கழிப்பறை வாசலில் ஈரத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால் அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியாக இருக்கட்டும். நிலைப்படியும் குளியலறைப் படியும் கண்ணுக்குத் தெரிய, விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு இழுங்கள். அல்லது பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள். இரவெல்லாம் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கரண்ட் போனால் தானே எரியும் சார்ஜர் விளக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஆக்சிஜன் குழாயையும் மூத்திரப் பையின் குழாயையும் எழுவதற்கு முன் யார் எடுத்துப் பிடிப்பது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் எழவைக்க வேண்டும்.

வேட்டி, லுங்கி, நைட்டி எதுவானாலும் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். இளைத்த இடுப்பில் லுங்கி நிற்காது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடப்பார், சாயும்போது பிடிமானத்துக்கு அந்தக் கை வராது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டையோ பாவாடையோ தைத்துக் கொடுங்கள். குளிருக்குச் சாக்ஸ் போட்டால் மொசைக் தரையில் சறுக்கும், நடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

குளியலறையில்தான் ஆபத்து அதிகம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தடுமாறும் கை முதலில் எதைப் பிடிக்கும் என்று பாருங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடிக்கும், இல்லையென்றால் வாஷ்பேசினை. இரண்டும் ஆள் பாரத்துக்காகப் பொருத்தியவை அல்ல. சுவரோடு பெயர்ந்து வரும். அதே இடத்தில், அதே உயரத்தில், செங்கல் வரை துளைபோட்டு முடுக்கிய ஸ்டீல் கைப்பிடி ஒன்றைப் பிளம்பரை வைத்துப் போடுங்கள். போட்டதும் உங்கள் முழு பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள்.

குளிக்கும்போது உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் குனிந்து நிமிர வேண்டும். நிமிரும்போது தலை சுற்றும். வாளியை ஒரு முக்காலியின்மேல் மடி உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் நான் சொன்னதும் வீட்டில் உடனே செய்து, மறுவாரமே நன்றி சொன்னது இதற்குத்தான் அதிகம். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கழிப்பறை நாற்காலியாக்குவது நம் ஊரில் வழக்கம். காசு மிச்சம்தான். ஆனால் ஓட்டை போட்ட நாற்காலி பலமிழந்திருக்கும், ஈர டைல்ஸில் கால் அகன்று சாயும். முடிந்தால் இரும்புச் சட்டமுள்ள கமோட் நாற்காலி வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். பிளாஸ்டிக்தான் என்றால் முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். காலுக்கு ரப்பர் குமிழ் மாட்டுங்கள்.

கழிப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். நம் வீடுகளில் கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவிலேயே சாய்ந்து கிடந்தால் திறக்க முடியாமல் அரைமணி போராட வேண்டிவரும். மரியாதைக்கு ஒரு திரை போதும். கதவுக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, “இங்கதான் இருக்கேன்” என்று ஒரு குரல் கொடுங்கள்.

இவ்வளவும் பகலுக்கு. இரவில் கழிப்பறைப் பயணமே வேண்டாம் என்று சொல்வேன். யூரின் கேனோ கமோட் நாற்காலியோ கட்டிலின் பக்கத்தில் இருக்கட்டும். படுத்த இடத்தில் போகமாட்டேன் என்று பலர் பிடிவாதம் பிடிப்பார்கள், பெண்கள் இன்னும் அதிகமாக. அது கௌரவம் சார்ந்த விஷயம், வற்புறுத்தாதீர்கள். “பகல்ல நடந்தே போகலாம்மா, ராத்திரி மட்டும் இது” என்று பேரம் பேசினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

கூப்பிடுவதற்கு ஒரு மணி வேண்டும். காலிங்பெல் சுவிட்சை நீள ஒயரில் தலைமாட்டுக்குக் கொண்டுவரலாம். பூஜை மணியும் போதும். எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும்கூட வேலை செய்யும். வலுவுள்ள கைப்பக்கம் வைக்க மறக்காதீர்கள். தண்ணீர், கண்ணாடி, போன், மருந்து எல்லாம் கை எட்டும் தூரத்தில், அதே பக்கத்தில் இருக்கட்டும்.

பிடிக்கும் விதம்

எழவைக்கும்போது அவசரமே கூடாது. முதலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரவையுங்கள். அந்த நேரத்தில் பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துமுறை ஆட்டச் சொல்லுங்கள். தலை சுற்றவில்லை என்று வாயால் சொன்ன பிறகு நிற்கலாம். நின்றதும் நடக்காமல் பத்து எண்ணுங்கள்.

கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் நம் வழக்கம். தோள்மூட்டு விலகிப்போகும், எலும்பில் நோய் இருந்தால் முறியவே முறியும். அகலமான துண்டை நாலாக மடித்து, வயிற்றில் கட்டியோ தையலோ குழாயோ இல்லாதவராக இருந்தால் இடுப்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுங்கள். வலுவில்லாத பக்கத்தில், அரை எட்டு பின்னால் நின்று அந்தத் துண்டை முதுகுப்புறம் பிடித்துக்கொள்ளுங்கள். வாக்கர் வைத்திருந்தால் கைதொங்கும்போது மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் அதன் பிடி இருக்க வேண்டும். முதலில் வாக்கர், அடுத்து வலுவில்லாத கால், பிறகு நல்ல கால். கைத்தடி என்றால் நல்ல பக்கத்துக் கையில். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, அது கவிழும். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்த பிறகுதான் வாக்கரைப் பிடிக்க வேண்டும்.

பாதிவழியில் சரியத் தொடங்கினால் தாங்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். ஒரு காலைப் பின்னால் வைத்து அகல நின்று, அவரை உங்கள் தொடையின்மேல் சாயவிட்டு, மெல்லச் சறுக்கித் தரையில் உட்காரவையுங்கள். தலையை மட்டும் கையில் ஏந்திக்கொள்ளுங்கள். தாங்கப் போய் இருவருமாக விழுந்து, பார்த்துக்கொள்கிறவரே இடுப்பு ஒடிந்து படுத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் இவையெல்லாம் எளிதாகிவிடும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இருக்கின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள்.

கட்டிப்போடலாமா?

கூடாது. இதைச் சொல்லும் உரிமை ஒரு தவறினால் எனக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வார்டில், பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இரவெல்லாம் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். “வண்டிய எடுக்கணும்” என்றார். இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பை ஏற்றிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனேன். அவர் தடுப்பின்மேல் ஏறித் தாண்டினார். தடுப்பு இல்லாதிருந்தால் ஒன்றரை அடியிலிருந்து விழுந்திருப்பார். அன்று மூன்றடிக்கு மேலிருந்து விழுந்தார். பிறகு மூத்த நர்ஸ் வந்து அவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இருந்தது. கதீட்டர் போட்டதும் முக்கால் லிட்டருக்குமேல் சிறுநீர் வந்தது, அவர் தூங்கிப்போனார். அவர் எடுக்க நினைத்த வண்டி எது என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும்.

கடைசி நாட்களில் வரும் தவிப்பு பெரும்பாலும் இப்படித்தான். வாய் பொருத்தமில்லாமல் பேசும். உடம்பு உண்மையைச் சொல்லும். வரிசையாகப் பாருங்கள்: அடிவயிறு உப்பியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள், வலி வேளை தவறிவிட்டதா, காய்ச்சலா, வாய் வறண்டிருக்கிறதா, துணி ஈரமா, புழுக்கமா. கையைக் காலைக் கட்டினால் தவிப்பு கூடும். கட்டோடு இழுபட்டு ரத்தம் கட்டும், விழுந்தால் தலைகீழாக விழுவார். எல்லாம் பார்த்தும் அடங்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். தவிப்பைத் தணிக்க மருந்துகள் இருக்கின்றன. அதுவரை மெத்தையைத் தரையில் போட்டு, பக்கத்தில் இன்னொரு மெத்தையோ ஜமுக்காளமோ விரித்து, அவருக்குப் பழகிய ஒருவர் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். நம் வீடுகளில் பாயில் படுப்பது புதிதில்லை. உருண்டாலும் தரைதான்.

விழுந்துவிட்டால்

உடனே தூக்காதீர்கள். இதுதான் கடினம், பதறிப்போய் நாலு பேரும் கையைக் காலைப் பிடித்துவிடுவார்கள். தலைக்கு ஒரு தலையணை, மேலே ஒரு போர்வை போட்டுவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசுங்கள். பெயர் சொல்கிறாரா, எங்கே வலிக்கிறது, இரண்டு காலும் ஒரே நீளமா என்று பாருங்கள். ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அசைக்காமல் உங்கள் நர்ஸையோ டாக்டரையோ கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராகவோ தட்டணுக்கள் குறைந்தவராகவோ இருந்தால், வெளியே காயம் இல்லையென்றாலும் உடனே சொல்லுங்கள். அடுத்த ஒரு நாள் முழுக்க வாந்தி, கூடிக்கொண்டே போகும் தூக்கம், பேச்சுக் குளறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். முறிவு எதுவும் இல்லை என்றால் கெட்டியான போர்வையை அடியில் செருகி, நாலு மூலைக்கு நாலு பேர், ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒரேநேரத்தில் தூக்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சிலர் விழுந்ததால் எலும்பு முறிவதில்லை; நோய் அரித்த எலும்பு நடக்கும்போதே முறிந்து, அதனால் விழுகிறார்கள். பிடித்துக்கொண்டிருந்தவர்மேல் பழி போடும் முன் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழுந்தால் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போவதா, வீட்டிலேயே வலியைத் தணித்து வைத்துக்கொள்வதா என்பதை விழுவதற்கு முன்பே, அவரிடமும் டாக்டரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பல மாதம் இருக்கும் என்று சொல்லப்பட்டவருக்கு அறுவைச் சிகிச்சை வலியைக் குறைக்கலாம். சில நாளே இருப்பவருக்கு ஆம்புலன்ஸ் குலுக்கலே பெரும் வேதனை. இரவு மூன்று மணிக்குத் தரையில் உட்கார்ந்துகொண்டு எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

நடக்கத்தான் செய்வேன் என்பவருக்கு

விழவே கூடாது என்றால் ஒரே வழிதான்: படுக்கையை விட்டு இறக்காமலே வைத்திருப்பது. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இரண்டு வாரம் படுத்தால் கொஞ்சநஞ்ச வலுவும் போகும், படுக்கைப் புண் வரும், அதைவிட மனம் விட்டுப்போகும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய ஒரு அம்மாவுக்குத் தினமும் விடிந்ததும் துளசி மாடத்துக்குப் போக வேண்டும். மகள் கையைப் பிசைந்தார். “விழுந்தா விழுந்துட்டுப் போறேன், அதுக்காக வெளக்கேத்தாம இருக்கச் சொல்றியா?” என்று அம்மா கேட்டபோது நான் அங்கே இருந்தேன். நாங்கள் அளந்தோம். கட்டிலிலிருந்து மாடம் வரை அவர் நடையில் இருபத்திரண்டு எட்டு. பதினோராவது எட்டில் கைவைத்த மர நாற்காலி ஒன்றைப் போட்டோம். கொல்லை வாசற்படிக்குப் பக்கத்தில் கொத்தனாரை வைத்து ஒரு கைப்பிடி அடித்தோம். முற்றத்துப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, மாடத்தைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவதை அவர் நடந்து முடித்த பிறகு என்று மாற்றிக்கொண்டார் மகள். எண்ணெயும் திரியும் மாடத்திலேயே இருந்தன. அம்மா வெறுங்கையோடு நடந்தார், பின்னால் துண்டைப் பிடித்தபடி மகள்.

ஐந்து வாரம் நடந்தார். ஆறாவது வாரம் கால் வரவில்லை. விடியற்காலையில் இரண்டு முறை எழப் பார்த்தார் என்று மகள் போன் செய்தார். எதற்காக என்று இந்தத் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் கட்டிலை ஜன்னலோரமாக இழுத்து, தலைமாட்டைத் திருப்பிப் போட்டோம். மறுநாள் விடியலில் மகள் விளக்கேற்றியபோது அம்மா படுத்தபடியே கைகூப்பினார். அதன்பிறகு அவர் எழ முயலவில்லை.